நடுவட்டத்து வாத்து

வெர்னா மெலென்கோவைப் பற்றிச் சொல்வதென்றால் வாத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில், ஐஸுக்கு அடியில், நடுவட்டத்தில், சிறகை விரித்துப் பறக்கிற சிவப்புக் காட்டு வாத்து. கம்பெனியின் சின்னம் அது. எங்கள் ஊரில் கம்பெனி என்றால் ஒன்றுதான், பெயர் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் எடுக்க வந்த கம்பெனி. அரங்கத்தைக் கட்டித் தந்தது அது, பள்ளிக்கூடத்துக்கு பஸ் வாங்கித் தந்தது அது, தேவாலயக் கூரையை மாற்றியதும் அதுதான். வருஷா வருஷம் இலை உதிரும் காலத்தில் அந்த வாத்தை வரைகிறவள் வெர்னா.

நான் அதே அரங்கத்தில் அடுக்களை நடத்துகிறேன். உருளைக்கிழங்கை மாவுக்குள் வைத்து, வெங்காயம் போட்டு வறுத்த பெரோகிக் கொழுக்கட்டை, கிரேவி ஊற்றிய சிப்ஸ், காபி. என் ஜன்னலில் நின்றால் மொத்த ஐஸும் தெரியும். யார் யாரோடு பேசுவதில்லை, தன் பிள்ளையை ஆட்டத்தில் இறக்கவில்லை என்று எவன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி. வெர்னாவோடு ஒரே வகுப்பில் படித்தவள் நான். அவள் நிலமும் எங்கள் நிலமும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். ஆகையால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பிடிக்காதவர்கள் வேறு எங்காவது போய்க் காபி குடித்துக்கொள்ளலாம்.

அவள் வரைவதைப் பார்க்க வேண்டும். சிமென்ட் தரையில் முதலில் மெல்லிசாக ஐஸ் பிடிக்க வைத்து, அதன் மேல் வெள்ளை அடிப்பார்கள். அப்புறம் வெர்னா ஓட்டை போட்ட பெரிய காகிதத்தை நடுவில் விரித்து, நீலப்பொடி கட்டிய துணியால் ஒற்றுவாள். காகிதத்தை எடுத்தால் புள்ளி புள்ளியாக வாத்து தெரியும். முழங்காலில் சாக்கைக் கட்டிக்கொண்டு, குனிந்தபடியே சிவப்பைத் தீட்டுவாள். அதன் மேல் பனி மாதிரி தண்ணீர் தெளித்து, உறைய விட்டு, மறுபடி தெளித்து, வாத்து ஐஸுக்குள் போய்விடும். வசந்தத்தில் எல்லாவற்றையும் உருக்கிவிடுவோம், அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து.

ஆட்டப் பருவத்தின் தொடக்க நாளன்று ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷம் ஊரில் பிறந்த குழந்தைகளைக் கொண்டுவந்து வாத்தின் முதுகில் உட்கார வைத்துப் படம் எடுப்போம். ஞானஸ்நானத்துக்கு வராத மாமன் சித்தப்பன்கூட இதற்கு லீவு போட்டுவிட்டு வருவான். என் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வெர்னாவின் தங்கை கலினாவும் உட்கார்ந்தாள். அந்தப் படம் இன்னும் என் அடுக்களைச் சுவரில் இருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி.

கலினாவை வெர்னாவின் தங்கை என்று சொல்வது பாதிதான் உண்மை. அம்மா செத்தபோது கலினா கைக்குழந்தை, வெர்னாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவளும் புருஷன் ஒரெஸ்டும்தான் தூக்கி வளர்த்தார்கள். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. வெர்னா அப்போது கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டினாள். கலினா அந்த லாரியின் பக்கத்து சீட்டில்தான் வளர்ந்தாள். அப்புறம் வெர்னா முதுகு போய், லாரியை விட்டுவிட்டு, கம்பெனிக்குப் பெயர்ப் பலகை எழுத ஆரம்பித்தாள். எங்கள் வட்டாரத்தில் எந்த எண்ணெய்க் கிணற்று வாசலில் நின்று பார்த்தாலும் பலகையில் இருப்பது அவள் கையெழுத்துத்தான்.

கம்பெனிக்கு அவளைவிடப் பெரிய வக்கீல் யாரும் இல்லை. வான்கூவரிலிருந்து வந்த ஒரெஸ்டின் அத்தை மகன் ஒருத்தன் ஒரு கல்யாண விருந்தில் எண்ணெய்யைப் பற்றி ஏதோ இளக்காரமாகச் சொல்லிவிட்டான். அவன் போட்டிருந்த பனிச்சட்டை, காலணி, வந்த கார், தின்ற தட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று நிற்க வைத்துக் கேட்டாள் வெர்னா. அவன் கேக் சாப்பிடாமலே போய்விட்டான். நாங்கள் ஒரு குளிர்காலம் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரெஸ்ட் செத்தபோது வாத்துப் போட்ட கம்பெனி ஜாக்கெட்டைப் போட்டுத்தான் பெட்டிக்குள் வைத்தாள். சூட் வாங்க வழியில்லாமல் இல்லை. அவனுக்கு அதுதான் பெருமை.

அவர்கள் நிலத்தில் ஒரு கிணறு இருந்தது. தலையை ஆட்டி ஆட்டி எண்ணெய் இறைக்கும் பம்ப். ஒரெஸ்ட் அதை 'நம்ம கிணறு' என்பான், ஏதோ அவனே தோண்டியது போல. அழுகல் முட்டை நாற்றம் காற்றில் வந்தால், "பண வாசனைடா, நல்லா இழு" என்பான். அவன் இருக்கும்போதே அந்தப் பம்ப் நின்றுவிட்டது. கம்பெனி ஆட்களும் ஊரில் குறைந்துகொண்டே வந்தார்கள். எண்ணெய் விலை ஏறினால் திரும்பி வந்துவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னோம். பழைய லாரிகளை யார் யாரோ ஒப்பந்தக்காரர்கள் வாங்கி ஓட்டினார்கள். கதவில் வாத்து இருந்தது. அதனால் கம்பெனியும் இருக்கிறது என்றே எங்கள் நினைப்பு.

போன வருஷம் கலினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, மிலா. கலினாவும் அவள் புருஷனும் வெர்னாவின் நிலத்தில், கிணற்றுக்கு இந்தப் பக்கம், டிரெய்லர் வீடு போட்டுக் குடியிருந்தார்கள். வேறு இடம் இல்லை, மின்சாரமும் தண்ணீரும் அங்கேதான் இழுத்திருந்தது. வெர்னா காலையில் கண் விழித்ததும் பூட்ஸைக்கூட ஒழுங்காக மாட்டாமல் குழந்தையைப் பார்க்க ஓடுவாள். என்னிடம் வந்து, இன்றைக்குத் தும்மினாள், இன்றைக்கு என் மூக்கைப் பிடித்தாள் என்று பெரோகி வேகும் நேரமெல்லாம் பேசுவாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

பனி உருகியதும் கிணற்றைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில் குமிழி வந்தது. குழாயின் அடியில் காது வைத்தால் வாயு சீறுகிற சத்தம். காற்று நின்ற நாட்களில் டிரெய்லருக்குள் நாற்றம் வந்தது. கலினாவுக்குத் தலைவலி, குழந்தை பால் குடித்ததைக் கக்கியது. கிணற்றை மூட வேண்டும், வேறு வழியே இல்லை.

வெர்னா பலகையில் தானே எழுதிய எண்ணுக்குப் போன் செய்தாள். செய்திப் பெட்டி நிறைந்துவிட்டது என்று ஒரு குரல் சொன்னது. கார்னெட் டேவ்ஸிடம் போனாள். கார்னெட் முன்பு கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தவன், அரங்கக் கமிட்டித் தலைவன். ஐஸுக்குக் கம்பெனி தரும் நன்கொடையை வருஷா வருஷம் பேசி வாங்குகிறவன் அவன்தான். நான் பேசுகிறேன், அவசரப்படாதே என்றான். கோடை முழுவதும் அதையே சொன்னான்.

கலினாவுக்குப் பொறுமை போய்விட்டது. கிறிஸ்துமஸுக்குள் கிணற்றை மூடாவிட்டால் கெலோனாவுக்குப் போய்விடுவோம், அங்கே இவருக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கெலோனா என்பது மலைகளுக்கு அப்பால், ஒரு முழு நாள் கார்ப் பயணம். வெர்னாவைப் பொறுத்தவரை குழந்தையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போவதுதான் அது.

அதனால் அவள் அரசாங்கத்துக்கே எழுதினாள். ஆய்வாளர் ஒருத்தர் வந்தார். அவர் வந்த நாள் பார்த்து வயலில் அப்படியொரு காற்று. கசிவு இருக்கிறதா என்று மட்டும்தான் அவர் பார்க்க வந்திருந்தார், கருவியில் பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தார். யாராவது ஒருத்தர், ஆமாம், நாற்றம் வருகிறது என்று சொல்லியிருந்தால் போதும், மறுபடி வந்து பார்த்திருப்பார். என் வீட்டுக்காரர் டெல், நாற்பது வருஷம் கிணறுகளில் வேலை பார்த்தவர், அந்த மனிதரிடம், "எனக்கு ஒண்ணும் தெரியல சார்" என்றார்.

அன்றைக்கு அவருக்கு நான் ஆறிப்போன சூப்பை வைத்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கார்னெட் சொன்னது ஞாபகம் இருக்கா? கம்பெனி மேல புகார் போச்சுன்னா ஐஸுக்கு எவன் தருவான்? பசங்க எங்க ஆடுவானுங்க?"

"அந்தக் குழந்தை வாந்தி எடுக்குதே, அது?"

"குழந்தைங்கன்னா வாந்தி எடுக்கும்."

இதற்கு மேல் அவரோடு பேசிப் பயனில்லை. ஊர் முழுக்க இதே பேச்சுத்தான். வெர்னாவை யாரும் திட்டவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள், அவ்வளவே. பள்ளிக்கூடத்தில் கொடுத்த வண்ணம் தீட்டும் புத்தகத்திலிருந்து சவப்பெட்டி வரைக்கும் வாத்தோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். அதைக் குற்றம் சொல்ல எங்கள் வாய்க்குப் பழக்கமே இல்லை. வெர்னாவுக்கும் இல்லை. அவளே என்னிடம் கிணற்றைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

செப்டம்பர் வந்தது. வெர்னா எப்போதும் போலச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தாள். சிவப்புக் கோடு, நீலக் கோடு, வட்டங்கள் எல்லாம் போட்டாள். நான் வெங்காயம் நறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நடுவட்டம் வெறும் வெள்ளையாக இருந்தது. மறந்துவிட்டாளோ என்று பயந்துபோய் ஜன்னலைத் தட்டினேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தெளித்தாள்.

மறுநாள் ஊர் கொந்தளித்தது. பொடிசுகள் வட்டத்தைச் சுற்றி நின்று அழுதன. ஒருவன் வெர்னாவின் வண்டிக் கண்ணாடியில் 'துரோகி' என்று அழுக்கில் விரலால் எழுதினான். கிணறு சீறியபோது வாயைத் திறக்காதவர்கள் எல்லாரும் வாத்துக்காகக் காலையிலிருந்து என் கடை முன்னால் கத்தினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று காபியை இரண்டு மடங்கு தண்ணியாகப் போட்டுக் கொடுத்தேன். ஒருத்தனும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அரங்கத்து மாடியில் கூட்டம் போட்டார்கள். ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். வெர்னா கடைசி வரிசையில், மிலாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்காரர்களுக்குத் தெரிவதற்குள் வாத்தை வரைந்துவிட வேண்டும் என்றார் ஒருவர். தெரிந்தே போயிருக்கும், மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். நன்கொடை நின்றுவிட்டால் வெர்னாதான் பதில் சொல்ல வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்குத் தாங்கவில்லை. எழுந்தேன்.

"கார்னெட், வருஷா வருஷம் அவங்களோட பேசுறவன் நீதானே? இப்பவே போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு. மன்னிப்பை எல்லாருமா சேர்ந்தே கேட்டுடலாம்."

கார்னெட் போனை எடுத்தான். பார்த்தான். மேஜையில் கவிழ்த்து வைத்தான். நல்ல உயரமான ஆள், அந்த நிமிஷம் நாற்காலிக்குள் சின்னதாகிப் போனான்.

"எடுக்க அங்க யாரும் இல்ல" என்றான்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் சொல்கிறான் என்று நினைத்தோம். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். கம்பெனி விற்றுப்போய், வாங்கியவனும் விற்று, அதற்கடுத்தவன் திவாலாகி, எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. கல்கரி நகரத்தில் அவர்கள் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது பல் வைத்தியர் இருக்கிறார். ஐஸுக்குப் பல வருஷமாக ஒரு காசு வரவில்லை. பிங்கோ ஆட்டம் நடத்திய காசில் வந்தது, கமிட்டி விற்ற பான்கேக்கில் வந்தது, போதாததற்குத் தன் படகையும் பனி வண்டியையும் விற்றுப் போட்டிருக்கிறான். கம்பெனி தந்தது என்று எங்களிடம் சொன்னான்.

"ஏன்யா சொல்லல?" என்று கேட்டது டெல்.

"எப்படிச் சொல்றது? கம்பெனி போயிடுச்சுன்னு தெரிஞ்சா ஊரே கெளம்பிடும்னு பயந்தேன். வாத்து இருந்தா எல்லாரும் இருப்பாங்கன்னு நெனச்சேன்."

வெர்னா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள்.

"அப்போ நாம இத்தனை நாளா யாருக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டு இருந்தோம்?"

டெல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை டெல் தன் பழைய வேலை பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனார். கார்னெட் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தான். இன்னும் பலர் வந்தார்கள். எல்லாரும் அந்தத் தொழிலிலேயே நரைத்தவர்கள், குழாய்க்கு அருகே குனிந்து மூச்சை இழுத்ததுமே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. டெல் திரும்பி வந்து, முகத்தைக் கழுவிவிட்டு, ஆய்வாளருக்குத் தானே போன் செய்து, "நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்" என்றார். நான் அவருக்குச் சூடாக ஒரு கோப்பை சூப் வைத்தேன்.

ஆய்வாளர் காற்றில்லாத நாளில் வந்தார். கருவி கத்தியது. கசிகிறது, கண்டிப்பாக மூட வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் உரிமையாளர் இல்லாத கிணறுகள் மாகாணம் முழுக்கக் கிடக்கின்றனவாம். இந்தக் கிணற்றின் முறை வர இரண்டு மூன்று குளிர்காலம் ஆகலாம், அதுவரை டிரெய்லரில் குழந்தையை வைத்திருக்காதீர்கள் என்றார். கிணறு பேசியிருந்தால்கூட இதைவிட நல்ல செய்தி சொல்லியிருக்கும். புகார் வசந்தத்திலேயே பதிவாகியிருந்தால் முறை முன்னால் வந்திருக்குமா என்று டெல் கேட்டார். அந்த மனிதர் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

கலினா கெலோனாவுக்குக் கிளம்ப நாள் குறித்தாள். அவளைத் தடுக்க யாருக்கும் முகம் இல்லை.

நடுவட்டம் வெள்ளையாகவே இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும், ஊர் வெர்னாவிடம் வந்து வாத்தை வரையச் சொல்லிக் கெஞ்சியது. கார்னெட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து கேட்டான். வேறு ஏதாவது வரையேன், ஊர்ப் பெயரை எழுதேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்றால் மாட்டேன் என்றாள். தொடக்க நாளைத் தள்ளிப்போட்டார்கள்.

ஒரு மத்தியானம் கலினா என் கடைக்கு வந்தாள். வெர்னா உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அந்த நாட்களில் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் எனக்கு உதவிக்கு வந்துவிடுவாள். கலினா சுவரில் இருந்த பழைய படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அக்கா, மிலாவை வாத்து மேல உட்கார வைக்காம நான் எப்படிக் கிளம்புறது?"

வெர்னா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்தக் கிணத்தாலதான்டி நீ போற."

"தெரியும். அவனுங்க நாசமாப் போகட்டும். ஆனா நானும் அது மேல உட்கார்ந்தவதானே. இவளும் உட்காரணும்."

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர்களில் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை என்பதுதான் உண்மை. இப்போது எழுதும்போதுதான் படுகிறது.

மறுநாள் வெர்னா வந்து நடுவில் மட்டும் ஐஸைச் சுரண்டச் சொன்னாள். ஓட்டைக் காகிதத்தை விரித்தாள், நீலப்பொடியை ஒற்றினாள், சாயங்காலத்துக்குள் சிவப்பு முழுவதும் தீட்டிவிட்டாள். சிறகு, கழுத்து, அலகு, ஒரு இம்மி மாறவில்லை. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஊரே கெஞ்சுச்சு. அப்போ அசையல நீ" என்றேன்.

"ஊருக்காக வரையலடி. அங்க போய்ப் பள்ளிக்கூடம் சேரும்போது, நீ எந்த ஊருன்னு அவளை எவனாவது கேப்பான். காட்டுறதுக்கு என்ன இருக்கு நம்மகிட்ட? இது ஒண்ணுதானே இருக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். ஐஸில் கண்ணீர் விழுந்தால் சாயம் கரையும் என்று முகத்தை ஜாக்கெட் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அவள் பக்கத்தில் ஐஸிலேயே உட்கார்ந்துகொண்டேன், ஈரம் ஏறினால் ஏறட்டும் என்று.

தொடக்க நாளன்று கைதட்டல் எதுவும் இல்லை. குழந்தைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார்கள். மிலாவின் முறை வந்தபோது அவள் உட்கார மறுத்துக் காலை உதறினாள். வெர்னா படத்துக்கு வெளியே படுத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். நான்தான் படம் எடுத்தேன். நன்றாக வந்தது. அந்த வாரமே அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

கிணறு இன்னும் சீறிக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த குளிர்காலம் என்கிறார்கள். டெல் அதைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார். கார்னெட் ஐஸுக்கு வீடு வீடாகப் போய்க் கேட்கிறான், இந்த முறை உண்மையைச் சொல்லித்தான் கேட்கிறான், எல்லாரும் தருகிறார்கள்.

போன வாரம் கலினா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மிலா நடக்கிறாள், ஓரிரு சொல் பேசுகிறாள். சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் படத்துக்கு முன்னால் அவளைத் தூக்கிக் காட்டி, "இது யாரு?" என்று கலினா கேட்கிறாள். குழந்தை வாத்தைத் தொட்டு, வாத்து என்று மழலையிலும் தெளிவாகச் சொல்லிச் சிரிக்கிறது. "இது யாரு? உன்னைப் பிடிச்சிருக்காங்களே, இந்தக் கை யாரோடது?" என்று கலினா மறுபடி கேட்கிறாள். குழந்தை அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி வாத்து என்கிறது.

வெர்னா என் ஜன்னலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறாள். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள் என்கிறாள். வீடியோ முடிந்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளே வந்து மாவு பிசைகிறாள்.